பைபர் அக்கா செய்த வெள்ளி

இந்த ஊரில் பைபர் அக்காவின் கைபடாத தெரு இல்லை. பல் டாக்டர் வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே ஒரு கடைவாய்ப் பல், அது அவள் செய்தது. செருப்புக்கடை மாடியில் தொங்குகிற ஒற்றை ஷூ, எந்த வெயிலுக்கும் உருகாத ஐஸ்கிரீம், நீச்சல் குளத்துச் சறுக்கு, பூங்காவில் வாயைப் பிளந்துகொண்டு குப்பைக்குக் காத்திருக்கிற தவளை, எல்லாமே அவள் பட்டறைச் சரக்கு. அந்தத் தவளையின் வாய்க்குள் ஒரு குழந்தை கையை விட்டு மாட்டிக்கொண்டபோது ஊரே கூடி நின்று ரம்பம் கொண்டா, கடப்பாரை கொண்டா என்று கத்தியது. அக்கா ஒரு சோப்புக் கட்டியோடு போய் இறங்கினாள். பிள்ளையின் கையை உருவி எடுத்ததும், தவளைக்கு எங்கேயாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். குழந்தையின் அம்மா அதற்காக அவளை இன்னமும் மன்னிக்கவில்லை.

பைபர் என்றால் பெரிய மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கண்ணாடியை நூலாக இழுத்துப் பாய்போல ஆக்கியிருப்பார்கள். அந்தப் பாயை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். இறுகியபின் கல் மாதிரி நிற்கும். கேட்கச் சுலபம்தான். ரெசினை இறுகவைக்கிற ஹார்டனர் கொஞ்சம் கூடிவிட்டால் டப்பா கையிலேயே கொதித்துப் புகையும். குறைந்துவிட்டால் மறுநாள் வரை பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். போதாததற்கு அந்தக் கண்ணாடித் தூசி தோலுக்குள் புகுந்து அரிப்பெடுக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வெந்நீரில் கழுவி இன்னும் சொறிந்துகொள்வார்கள். “பச்சைத் தண்ணி, பச்சைத் தண்ணி” என்று அக்கா கரடியாகக் கத்துவாள். யார் கேட்டார்கள்?

அக்காவுக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சமா? அவள் பட்டறையில் சிரித்தால் தெருமுனை டயர் கடைக்காரர் என்ன ஜோக் என்று அங்கிருந்தே கேட்பார். மேடு தேய்க்கிற கிரைண்டர் ஓடும்போதுகூடப் பேச்சை நிறுத்த மாட்டாள், குரலை ஏற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். வாடிக்கையாளரிடம் பேரம், ரெசின் வியாபாரியிடம் சண்டை, பக்கத்து லேத் பட்டறைக்காரரிடம் ஊர் நியாயம் என்று காலையில் ஆரம்பித்தால் ஷட்டரை இறக்கும்வரை ஓயாது.

அவள் வீட்டுக்காரர் நேர்மாறு. அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு டீ டம்ளரில் பிடித்துவிடலாம். அக்கா உருவத்தைச் செய்து தள்ளிவிடுவாள். அதற்குப் பட்டி வைத்துப் பள்ளத்தை அடைத்து, தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, பல்லைப் பல்லாகவும் தவளையைத் தவளையாகவும் ஆக்குவது அவர் வேலை. ஐஸ்கிரீமின் ஓரத்தில் உருகி வழிகிற மாதிரி ஒரு பளபளப்பு இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் குழந்தைகள் நாக்கை நீட்டுகின்றன. அது அவர் கை. ஆனால் ஊரில் அவருக்கென்று ஒரு பெயர் கிடையாது. ‘அக்கா வீட்டுக்காரர்’ என்பார்கள். பட்டறை முகப்பில் ‘பைபர் அக்கா’ என்று எழுதியிருக்கிற போர்டையும் அவரேதான் எழுதினார், அதுவும் மிக அழகாக.

இப்படிப்பட்ட மனிதரை வெளியூரில் பஸ் கட்டுகிற கம்பெனி ஒன்று கூப்பிட்டது. அங்கே வேலை பார்த்த பழைய கூட்டாளி ஒருவர் சொல்லிவைத்திருந்தார். பெயின்ட் பிரிவுக்கு இவர்தான் தலைமை. கீழே ஒரு கூட்டமே வேலை செய்யும். எல்லோரும் ‘சார்’ என்பார்கள். வீட்டுக்காரர் டீயைக் குடித்துக்கொண்டே அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார்.

“கூப்பிடறாங்க. போகலாம்னு பாக்கறேன்.”

அக்கா பிடித்துக்கொண்டாள். பெயின்ட் யார் அடிப்பார்கள், கம்ப்ரஸர் மக்கர் பண்ணினால் யார் பார்ப்பார்கள், பெரிய சாமானுக்கு மறுபக்கம் யார் தூக்குவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பதில் வராத எரிச்சலில் அக்காவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

“போறதுன்னா போங்க. உங்க கையைப் பிடிச்சு இங்க யாரும் இழுக்கல.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “சரி” என்றார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை வந்து சேர்வதாகக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

உண்மையைச் சொன்னால் அக்காவுக்குப் பட்டறையைப் பற்றிய கவலை துளியும் இல்லை. பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்காமலா போய்விடும்? மகள் வேலைக்கு வெளியூர் போனபிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர். சாயங்காலம் அவர் கைகளில் பெயின்ட் தின்னர் வாசனையோடு வந்து, ஒன்றும் பேசாமல் எதிரில் உட்கார்ந்து அவள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நாற்காலி காலியாகக் கிடக்குமே என்பதுதான் அவள் கவலை. போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஊருக்கெல்லாம் நீளுகிற வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை. போங்க என்று சொல்லிவிட்டு எப்படிப் போகாதீங்க என்பது? அவளும் கௌரவம் பார்த்தாள்.

பேச்சு நின்றாலும் வேலை நிற்குமா? நடுவில் லேத்துக்காரர் அகப்பட்டார். இரண்டு பட்டறைக்கும் இடையில் இருந்தது வெறும் தகரச் சுவர். காலமெல்லாம் இரும்பைக் கடைந்து கடைந்து அவருக்குக் காது பாதி போயிருந்தது. “அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க, தவளைக்குப் பச்சை தீர்ந்துபோச்சு” என்பாள் அக்கா, வீட்டுக்காரர் எதிரிலேயே நிற்கும்போது. லேத்துக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, “தம்பி, பச்சை தீந்துபோச்சாம்” என்பார். “வாங்கிட்டேன்னு சொல்லுங்கண்ணே” என்பார் அவர். “வாங்கிட்டானாம்மா.” இப்படியே வண்டி ஓடியது. என்னைத் தபால்காரனாக்கிவிட்டீர்களே என்று லேத்துக்காரர் வெளியில் சலித்துக்கொண்டாலும், உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் யாரும் அவரிடம் இவ்வளவு பேசுவதில்லை.

வீட்டுக்காரர் புதுக் கம்பெனியைப் பார்த்துவரப் போயிருந்த ஒரு நாளில்தான் அந்த மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஊரில் புதிதாக ஓர் அறிவியல் கண்காட்சிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இவள்தான் பொறுப்பாளர். வற்றல் மாதிரி ஒல்லியாக இருந்தாள், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டே பேசினாள்.

“அக்கா, எனக்கு ஒரு வெள்ளி வேணும். ஆள் உயரத்துக்கு.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆள் உயரத்துக்கா? நகைக்கடை அடுத்த தெருவுலம்மா. அவங்ககிட்டயும் அவ்வளவு இருக்காது.”

“அய்யோ, அந்த வெள்ளி இல்லக்கா. வானத்துல இருக்கே, வெள்ளி கிரகம். விடியறதுக்கு முன்னாடி பளிச்சுன்னு தெரியுமே.”

இருவரும் சிரித்த சிரிப்பில் லேத் நின்றது. பிறகு மேடம் பையிலிருந்து படங்களை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். ஆரஞ்சும் பழுப்புமாகக் கருகின தோசைக்கல் போல ஓர் உருண்டை. அதில் மேடுகள், மடிப்புகள், எரிமலைகள், குழம்பு ஓடிக் காய்ந்த சமவெளிகள்.

“இதான் நம்ம பக்கத்து வீடுக்கா. அளவுல பூமிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கூடப் பொறந்த மாதிரி. ஆனா குணம் இருக்கே, சுத்தமா வேற. எப்பவும் மேகம் மூடியே இருக்கும். மேகம்னா தண்ணி மேகம் இல்ல, அமிலம். அதுல மழை பெய்யும், ஆனா தரைக்கு வந்து சேராது. நடுவழியிலேயே ஆவியாயிடும்.”

“ஏன், கீழ அவ்வளவு சூடா?”

“ஈயத்தைக் கீழ வெச்சா உருகி ஓடும். சூரியனுக்கு இதைவிடப் பக்கத்துல புதன் இருக்கு. ஆனா சூடு இதுலதான் அதிகம். ஏன்னா உள்ள வந்த சூட்டை வெளிய விடாது. அப்படியே அமுக்கி வெச்சுக்கும். வெளியிலிருந்து பாத்தா மட்டும் அமைதியா, அழகா, பளபளன்னு இருக்கும்.”

அக்காவுக்குச் சட்டென்று ஆர்வம் பிறந்தது. “அப்படி ஒருத்தர் எங்க வீட்லயும் இருக்காரும்மா. நீ மேல சொல்லு.”

“எல்லாக் கிரகமும் பெரும்பாலும் ஒரு பக்கமா சுத்தினா, இது எதிர்ப்பக்கமா சுத்தும். அங்க நின்னு பாத்தா சூரியன் மேற்கே உதிக்கும். அதுவும் எவ்வளவு மெதுவா! தன்னைத் தானே ஒரு சுத்து சுத்தி முடிக்கறதுக்குள்ள சூரியனையே ஒரு சுத்து சுத்தி வந்துடும்.”

“அதே ஆள்தான்” என்று அக்கா தீர்மானமாகச் சொன்னாள். “குளிக்கப் போனார்னா அப்படித்தான்.”

மேடம் போனபின்பும் அக்கா படங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காற்றின் பளு அங்கே ஆழக்கடலின் அடியில் இருப்பது மாதிரி அழுத்துமாம். அதில் போய் இறங்கின இயந்திரம் எதுவும் அதிக நேரம் தாங்கவில்லையாம். இத்தனை நாள் பல்லும் ஷூவும் செய்த கைக்கு ஓர் உலகத்தையே செய்யச் சொல்லி வந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் ஓடிப்போய் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பாள். கேட்டுவிட்டு அவர் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’ இல்லாமல் அவளுக்கு அந்தச் சந்தோஷம் பாதியாகத்தான் இருந்தது.

வேலை ஆரம்பித்தது. இரண்டு அரை உருண்டைகளாக வார்த்து, ஒட்டி, இரும்புச் சட்டத்தில் ஏற்றினாள். அதன்மேல் பிசினும் பொடியும் குழைத்து அப்பி, மலைகளை எழுப்பினாள். எரிமலை வாய்களைக் கரண்டியால் குடைந்தாள். கிரகம் என்றால் குழி இல்லாமலா என்று தன் பங்குக்கு ஒரு நூறு சின்னக் குழிகளையும் விரலால் அழுத்திவிட்டாள். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நீச்சல் குளத்துக்காரருக்கு ஒரு டால்பினுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது ஓரக்கண்ணால் உருண்டையைப் பார்ப்பார். புருவம் சுருங்கும். ஒன்றும் கேட்கமாட்டார். இவளும் சொல்லமாட்டாள். மேடம் ஒரு தரம் வந்து பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, ரொம்ப நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த முதல் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் உருண்டை பெயின்ட்டுக்குத் தயார். கூடத்தின் திறப்பு விழாவும் அதே வெள்ளிதான். அந்தப் புதன்கிழமை பார்த்துப் பல் டாக்டர் போன் செய்தார். எவனோ கல்லெறிந்து பல்லில் ஓட்டையாம். பல் டாக்டர் வாசலில் சொத்தைப் பல் நின்றால் யார் உள்ளே வருவார்கள்? அக்கா ரெசின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். போகிற போக்கில் படங்களை லேத்துக்காரரிடம் கொடுத்தாள்.

“அண்ணே, அந்த உருண்டை வெள்ளி. இந்தப் படத்தைப் பாத்து அப்படியே அடிக்கச் சொல்லுங்க. வெள்ளிக்குள்ள முடிச்சாகணும்.”

லேத் ஓடிக்கொண்டிருந்தது. லேத்துக்காரர் தலையை ஆட்டினார். படங்களை வாங்கி மிஷின்மேல் வைத்து, பறக்காமல் இருக்க எண்ணெய் டப்பாவை மேலே தூக்கி வைத்தார். பிறகு தகரச் சுவரைத் தட்டினார்.

“தம்பி, உருண்டைக்கு வெள்ளி அடிக்கணுமாம். வெள்ளிக்குள்ள.”

பல்லை அடைத்துத் தேய்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து அசந்துபோய் வந்தார். கைநிறையப் பட்டிப் பொடி. முடிந்ததா என்று கேட்க அக்காவுக்கு நாக்கு துடித்தது. கேட்க லேத்துக்காரர் வீட்டில் இல்லையே! பேசாமல் படுத்துவிட்டாள்.

வியாழன் காலை பட்டறையின் ஷட்டரைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். உள்ளே பளபளவென்று, மாசுமறுவில்லாமல், முகம் பார்க்கிற மாதிரி ஒரு வெள்ளி உருண்டை நின்றது. அதில் அவள் முகம் அகலமாக, வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது. பூங்காத் தவளைக்கு அக்கா தங்கை மாதிரி.

பின்னாலேயே வீட்டுக்காரர் வந்து நின்றார். முகத்தில் சின்னதாக ஒரு திருப்திகூட இருந்தது.

அக்கா தபால்காரரை மறந்துபோனாள். “என்னங்க இது?”

“நீ சொன்னதுதான். வெள்ளி.”

“என் எரிமலை எங்க?”

“எரிமலையா?”

“எரிமலைதான்! மலை, மடிப்பு, குழி, எல்லாம் எங்க? இது வெள்ளி கிரகம்! வானத்துல இருக்கற வெள்ளி! கண்காட்சிக்கூடத்துக்குப் போகவேண்டியது!”

வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். உருண்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார்.

“நான் அதெல்லாம் பட்டி வெச்சு அடைச்சுட்டேனே” என்றார். “மேட்டையும் கிரைண்டர் போட்டு இறக்கிட்டேன்.”

“ஏன்? எதுக்கு? யாரைக் கேட்டு?”

“இல்ல…” என்று உருண்டையைத் தடவினார். “இத்தனை வருஷத்துல உன் வேலை இப்படி மேடும் பள்ளமுமா இருந்து நான் பாத்ததில்ல. மனசு சரியில்ல, அதான் கை தடுமாறுதுன்னு நெனச்சேன். வாங்க வர்றவங்க பாத்தா உன்னைத்தானே குறை சொல்லுவாங்க. உனக்குக்கூடத் தெரியாம சரி பண்ணிடலாம்னு…”

 நேற்றுப் பகல் முழுக்க இந்த மனிதர் இங்கே தனியாக உட்கார்ந்து, நூறு குழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்துத் தேய்த்திருக்கிறார். நாளைக்கு ஊரைவிட்டே போகிறவர். இவள் பெயர் கெட்டால் அவருக்கென்ன வந்தது? அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கத் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த உருண்டையைத் துடைத்தாள்.

சரியாக அந்த நேரத்துக்கு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மேடம் உள்ளே வந்தாள், பார்த்தாள்.  பிறகு பிரைமர் டின்மேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க ஓடினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கு வெள்ளி அடிச்சுட்டீங்களா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டு லேத்துக்காரரும் வந்தார், எண்ணெய்க் கறை படிந்த படங்களோடு. “இதைக் குடுக்க மறந்துட்டேன் போல” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

மேடம் எழுந்து உருண்டையைத் தடவிப் பார்த்தாள். “சின்னக் குழியெல்லாம் எங்கக்கா?”

“நான்தான் அடைச்சேன்” என்றார் வீட்டுக்காரர், தலையைக் குனிந்துகொண்டு. “தப்புதான்.”

“தப்பா? எனக்கு இப்பத்தான் நிம்மதி!” என்றாள் மேடம். “போன தடவையே சொல்லணும்னு நெனச்சேன். அக்கா அவ்வளவு ஆசையா போட்டிருந்தாங்க, மனசு வரல. நிலாவுலதான் அவ்வளவு குழி. இங்க காத்து அவ்வளவு அடர்த்தி. சின்னக் கல்லு வந்தா தரையைத் தொடறதுக்கு முன்னாடியே எரிஞ்சுடும். பெரிய கல்லு போட்ட பெரிய குழிங்க மட்டும்தான் இருக்கும். பழைய குழி பலதை எரிமலைக் குழம்பு ஓடி அடைச்சுடுச்சு. சார் பண்ணதும் அதானே.”

‘சார்’ என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்காரர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

அதற்காக மற்றதெல்லாம் சரியாகிவிடுமா? எரிமலைகள் திரும்ப எழ வேண்டும், பெரிய குழிகள் சில புதிதாகத் தோண்டப்பட வேண்டும், வெள்ளியெல்லாம் மறைய வேண்டும். நாளைக் காலையில் உருண்டையை ஏற்ற வண்டி வந்துவிடும். வடக்கே, வாசலில் நின்றால் தெரியாத பக்கத்தில் இருந்த பெரிய மலை மட்டும் தப்பித்திருந்தது. அது ஒட்டுப்போட்ட இடத்துப் பிசிறு என்று நினைத்து வீட்டுக்காரர் எவ்வளவோ தேய்த்திருக்கிறார், அசையவில்லை. அதன் உச்சியில் மேடம் விரலை வைத்தாள்.

“இங்க மட்டும் வெள்ளியை விட்டுடுங்க. இந்த மலை உச்சிங்க ரேடார்ல பாத்தா பளிச்சுன்னு தெரியும். ஏதோ உலோகம் ஆவியாகி மேல போயி, பனி மாதிரி படிஞ்சிருக்கலாம்னு சொல்றாங்க. என்னன்னு இன்னும் யாருக்கும் உறுதியா தெரியல.”

மேடம் போனதும் இருவரும் வேலையில் இறங்கினார்கள். அக்கா பிசினைக் குழைத்து அப்ப அப்ப, அவர் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு வந்தார். இந்த முறை ஒவ்வொரு மேட்டுக்கும் நின்று, “இது இருக்கணுமா?” என்று அவளையே கேட்டார். “இருக்கணும்.” “இது?” “அது என் பிசிறு. தேய்ங்க.” மத்தியானத்துக்கு மேல் கலர் கலந்தார். பழுப்பில் ஆரஞ்சு, அதில் கொஞ்சம் மஞ்சள், ஒரு சொட்டுக் கறுப்பு. மலை உச்சியில் எவ்வளவு வெள்ளி விடுவது என்பதில் சண்டை வந்தது. அவர் நிறைய விடவேண்டும் என்றார். “நீங்க அடிச்சது வீணாப் போகக்கூடாதுன்னு பாக்கறீங்க” என்றாள் அக்கா. “ஆமா” என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். கடைசியில் அவர் சொன்ன அளவே நின்றது. அந்தச் சண்டை மாதிரி இனிப்பான சண்டை அக்காவுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

பொழுது சாய்வதற்குள் பட்டறை நடுவில் ஓர் உலகம் நின்றது. உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிற மாதிரி நிறம். தொட்டால் சுடுமோ என்று லேத்துக்காரர் விரலை நீட்டிப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் ஸ்ப்ரே கன்னைத் தின்னரில் கழுவினார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றி, தன் பையில் வைத்தார். அது அவர் சொந்தக் கன். போகிற இடத்துக்கு எடுத்துப் போவதாக இருந்தார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். நாள் முழுக்க இவ்வளவு பேசியும் அந்த ஒரு பேச்சை இருவரும் தொடவில்லை. 

“அண்ணே” என்றாள், தகரச் சுவரைப் பார்த்து. “காலையில எத்தனை மணி பஸ்ஸுன்னு அவர்கிட்ட கேளுங்க.”

லேத்துக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தன் ஷட்டரைப் பிடித்து இழுத்தார். “தபாலாபீஸ் மூடியாச்சும்மா. நான் கொண்டுபோய்க் குடுத்த லட்சணத்தைத்தான் பாத்தீங்களே. இனிமே நேர்ல பேசிக்குங்க.” சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார். ஆனால் டயர் கடை வரைக்கும் போய், அங்கே நின்று செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அது பாதியில் சிக்கியது.

“போகாதீங்க” என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பெயின்ட்டுக்காகச் சொல்லல. பெயின்ட் யார் வேணா அடிப்பாங்க. மறுபக்கம் தூக்க ஆள் வேணும்னும் சொல்லல. நீங்க அங்க போயி சாரா இருங்க, பெரிய ஆளா இருங்க, அதெல்லாம் நல்லதுதான். எனக்குத் தெரியும். ஆனா நான் யார்கிட்ட பேசுவேன்? நீங்க இல்லாம என்னால இருக்க முடியாதுங்க. போங்கன்னு சொன்னேன்ல, அது பொய். போகாதீங்க.”

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ரெசின் டிரம்மைத் தனியாளாகத் தூக்கியபோதுகூட இப்படி வாங்கியதில்லை.

வீட்டுக்காரர் சிக்கின ஜிப்பை விட்டுவிட்டார்.  பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கூட்டாளியைக் கூப்பிட்டார்.

“நான் வரலப்பா… இல்ல, சம்பளம் காரணமில்ல… உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு… வீட்ல போகாதேன்னு சொல்லிட்டா… ஆமா, அவளேதான் சொன்னா. நேர்ல, என் முகத்தைப் பாத்து.” போனை வைத்துவிட்டு உடனே தன் கூடப்பிறந்த அக்காவைக் கூப்பிட்டார். “அக்கா, நான் போகல. இவ போகாதேன்னுட்டா.” பிறகு மகள். “உங்கம்மா போகாதேன்னு சொல்லிட்டாம்மா.” தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. மகளோ அப்பாவின் குரல் அடையாளமே தெரியாமல், யார் பேசறது என்று கேட்டாள். தெருமுனையில் லேத்துக்காரர் இன்னும் செருப்பைச் சரிசெய்துகொண்டிருப்பதைப் பார்த்து, வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து கையைக் குவித்துக்கொண்டு, அந்தப் பாதிச் செவிட்டுக் காதுக்கும் எட்டும்படி கத்தினார்:

“அண்ணே! என்னைப் போகாதேன்னு சொல்லிட்டா!”